புதுச்சேரியிலிருந்து தனுஷ்கோடி வரை இருவர், ஒரு வண்டி, கடலோரம் முழுக்க: திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

#1 மஞ்சக்குப்பம்350

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு ஜனவரி கடைசி வாரத்தில் நானும் மனைவியும் புதுச்சேரியில் தொடங்கிக் கடற்கரையை விடாமல் தனுஷ்கோடி வரை போவதாக இருக்கிறோம். வண்டி 350 சிசி, ஸ்போக் வீல், டியூப் டயர்தான். கையில் 5 நாள்.

பார்க்க வேண்டியவை: அரிக்கமேடு, தேவனாம்பட்டினம் கோட்டை, பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகை, வேதாரண்யம், கோடியக்கரை, மனோரா, தேவிபட்டினம், தனுஷ்கோடி. போட்டிருக்கும் கணக்கு:

முதல் நாள் நாகை. 2ஆம் நாள் கோடியக்கரை பார்த்து முத்துப்பேட்டை. 3ஆம் நாள் தொண்டி. 4ஆம் நாள் ராமேசுவரம். 5ஆம் நாள் தனுஷ்கோடி பார்த்துவிட்டு அப்படியே கடலூர் திரும்புவது.

நாள் பிரிப்பு சரியா? இரண்டு பேர் எடைக்கு வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும்? டியூப் டயரை வைத்துக்கொண்டு பஞ்சரை எப்படிச் சமாளிப்பது? உப்புக் காற்றில் செயின் என்ன ஆகும்? மனைவி பின்சீட்டில் தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை, அதற்கும் வழி சொல்லுங்கள்.

#2 கிழக்குக்கரை

முதல் நாள்தான் தப்பு, சகோ. மற்றவை எல்லாம் அதிலிருந்து வருகிற தப்பு.

புதுச்சேரியிலிருந்து நாகை நேராகப் போனால் சுமார் 150 கி.மீ. அதைப் பார்த்து ஒரே நாளில் அடக்கிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் 13 இடங்களில் 8 இடம் இந்த 150 கி.மீ.க்குள்தான் இருக்கிறது. நாகைக்குத் தெற்கே இடங்கள் குறைவு, ஓட்டம் அதிகம். உங்கள் திட்டம் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: இடங்கள் நெருங்கிக் கிடக்கிற பகுதிக்கு ஒரு நாள், வெறும் சாலைக்கு மூன்று நாள்.

இப்படி மாற்றிப் பாருங்கள்:

முதல் நாள்: புதுச்சேரி, அரிக்கமேடு, கடலூர், பரங்கிப்பேட்டை. இரவு சிதம்பரம்.
2ஆம் நாள்: கொள்ளிடம் தாண்டி சீர்காழி, திருவெண்காடு, பூம்புகார், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. இரவு அங்கேயே, இல்லையென்றால் காரைக்கால்.
3ஆம் நாள்: காரைக்கால், நாகூர், நாகை, வேளாங்கண்ணி. இரவு வேதாரண்யம்.
4ஆம் நாள்: விடியலில் கோடியக்கரை. பிறகு முத்துப்பேட்டை, மனோரா வழியாகத் தொண்டி. இதுதான் நீளமான நாள், 190 கி.மீ. வரை வரும்.
5ஆம் நாள்: தேவிபட்டினம், பாம்பன், ராமேசுவரம்.
6ஆம் நாள்: காலையில் தனுஷ்கோடி.

திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து உள்வழியாகப் புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் பிடித்து வந்துவிடலாம். ஆக மொத்தம் 7 நாள். 5 நாள்தான் முடியும் என்றால் வேதாரண்யம், கோடியக்கரையோடு நிறுத்தித் திரும்புங்கள். தனுஷ்கோடியை இன்னொரு முறை தனியாகப் போகலாம். பின்சீட்டில் ஆளை வைத்துக்கொண்டு ஒரே நாளில் தனுஷ்கோடியும் பார்த்துக் கடலூருக்கும் வருவது வேண்டவே வேண்டாம்.

#3 உப்பனாறு

கிழக்குக்கரை சொல்வதை ஆமோதிக்கிறேன். கடலூர்க்காரர் என்பதால் ஒன்று மட்டும்: நம் ஊரை "வீட்டுப் பக்கம்தானே" என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690இல் மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் விலைக்குள் அடக்கம் என்பது பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பேருந்துப் பலகையில் படிக்கிறோமே, அந்தக் 'குண்டு' இதுதான். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் 1752 வரை கம்பெனியின் தென்னகத் தலைமையிடமே இங்கேதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினான். அதனால் செஞ்சி போல மதில் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மிச்சம் கொஞ்சம்தான். வெள்ளிக் கடற்கரையில் நின்று ஆற்றுவாயைப் பார்த்தால் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது புரியும்: ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, பின்னால் உப்பங்கழி.

வண்டியை அங்கே மணலில் ஏற்ற வேண்டாம், தார் முடிகிற இடத்திலேயே நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு மணலில் மெல்ல இறங்கும். நீங்கள் நடந்து போய்த் திரும்புவதற்குள் சாமான் ஏற்றிய வண்டி சாய்ந்திருக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப்பலகைத் துண்டில் துளை போட்டுக் கயிறு கட்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் போட்டு, கிளம்பும்போது குனியாமல் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். தரங்கம்பாடி, மனோரா, தனுஷ்கோடி எல்லா இடத்திலும் உதவும்.

#4 நாகை_ஒர்க்‌ஷாப்

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். வரிசையாகச் சொல்கிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. கையேட்டில் வண்டியின் வெற்று எடையும் மொத்த எடை வரம்பும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணத்துக்கு 195 கிலோ வண்டி, வரம்பு 360 என்றால் மிச்சம் 165. ஓட்டுபவர் 75, பின்னால் 62, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ சேர்த்து 8 என்றாலே 145 ஆகிவிட்டது. சாமானுக்கு 20 கிலோதான். கேரியர் இரும்பு, பெட்டி, தண்ணீர், டூல்ஸ் எல்லாம் அந்த 20க்குள் அடங்க வேண்டும். எல்லாரும் தவறுகிற இடம் இது.

கனமானதைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள். டூல்ஸ், செயின் ஆயில், தண்ணீர் எல்லாம் பக்கப் பைகளின் அடியில். பின்பக்க மேல்பெட்டியில் துணி, மழைக்கோட்டு மட்டும். மேல்பெட்டி பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குவதால் அதில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். 70க்கு மேல் ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், கோன்செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) இல்லை. இரண்டு பக்கப் பைக்கும் எடை வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்கட்டும். சைலன்சர் பக்கத்துப் பை அதைத் தொடக்கூடாது. ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் பாருங்கள், வெறும் வண்டியில் பார்த்தால் இடைவெளி இருப்பதாகத் தோன்றும்.

பின் ஷாக் அப்சார்பர்: 5 படி இருந்தால் 4க்கு ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படி. அதைச் செய்தபின் ஹெட்லைட்டையும் பாருங்கள். ஆளும் சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், உங்கள் சாலை இருட்டாக இருக்கும். சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்தி, மனைவியை ஏறச் சொல்லி, லைட் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வெளிச்சம் விழும்படி திருப்புங்கள்.

டயர் காற்று: ஸ்விங்ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்குகிற கை) செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'பின்னால் ஆளோடு' என்று தனியாக எண் இருக்கும், அதைப் பிடியுங்கள். பின் டயருக்கு வழக்கத்தைவிட 3, 4 பி.எஸ்.ஐ. கூடவே வரும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். 50 கி.மீ. ஓடிய சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். உடனே சிலர் இறக்கிவிடுவார்கள். ஆறியதும் அது குறைவாகிவிடும், பக்கச்சுவர் மடங்கி டியூப் தேய்ந்து பஞ்சர் ஆகும். டியூப் டயருக்கு இது பெரிய எமன்.

பயணத்துக்கு 300 கி.மீ. முன்னதாகவே சர்வீஸ் முடித்துவிடுங்கள். முந்தின நாள் சர்வீஸ் விட்டு மறுநாள் கிளம்பினால், சரியாக முறுக்காத போல்ட்டு ஏதாவது இருந்தால் அது வழியில்தான் தெரியும்.

#5 மஞ்சக்குப்பம்350

நன்றி அண்ணே. 7 நாளாக மாற்றிக்கொள்கிறோம், விடுப்பு கிடைக்கும். செயின், பஞ்சர் பற்றியும் சொல்லுங்கள். டியூபுக்குள் சீலன்ட் (துளையை அடைக்கிற திரவம்) ஊற்றிவிட்டால் போதும் என்கிறார்களே?

#6 நாகை_ஒர்க்‌ஷாப்

சீலன்ட் டியூப்லெஸ் டயருக்குத்தான் நன்றாக வேலை செய்யும். டியூபில் ஊசித்துளை என்றால் அடைக்கும். ஆனால் டியூப் ரப்பர் இழுபடுவது, கொஞ்சம் ஓடினாலும் துளை கிழிசலாகிவிடும், அப்போது நிற்காது. அதோடு, உள்ளே சீலன்ட் இருக்கிற டியூபில் பேட்ச் ஒட்டாது, கழுவித் துடைத்து உரசினாலும் வழுக்கும். பஞ்சர் கடைக்காரர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு வேண்டாம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று புது டியூப், 2 டயர் லீவர், கைப்பம்பு அல்லது 12 வோல்ட் பம்பு. பம்பு போடும்போது இன்ஜின் ஓடட்டும், பேட்டரி இறங்காது. பின்சக்கர ஆக்சில் நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் உங்கள் கிட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அது மட்டும் இருக்காது.

இந்தப் பாதையில் ஆணியைவிட முள்தான் அதிகம். மீமிசல் தாண்டினாலே சீமைக்கருவேலம். சாலையோரம் வெட்டிப் போட்ட கிளை காய்ந்து, முள் தனியாகத் தார்ச்சாலை ஓரம் கிடக்கும். அரை விரல் நீளம், நுனி ஊசி போல இருக்கும், டயரில் ஏறியதும் வெளியே நீட்டிய பகுதி உடைந்துவிடும். மேலே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிதான், கண்ணுக்குத் தெரியாது. டியூபை மட்டும் மாற்றி மாட்டினால் 10 கி.மீ.யில் புது டியூபும் போகும், உள்ளே முனை அப்படியே நிற்குமே. அதனால் டியூபை எடுத்தபின் டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியைச் சுருட்டி மெல்லத் தேய்த்து வாருங்கள். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே முள். வெறும் விரலால் தடவாதீர்கள், நகத்துக்கடியில் ஏறிவிடும். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள், இரண்டு மூன்று இருப்பது சகஜம்.

டியூப்லெஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். காற்று நிற்கிறதென்றால் அப்படியே அடுத்த ஊர் வரை போய், அங்கே பிடுங்கி ஸ்ட்ரிப் (துளையை அடைக்கிற ரப்பர் துண்டு) போடுங்கள்.

சிறு அயிட்டம்: கிளச் கேபிள் 1, ஆக்சிலரேட்டர் கேபிள் 1, ஸ்பார்க் பிளக் 1, ஃபியூஸ் 3, செயின் லாக் 1 (உங்கள் செயின் லாக் போடுகிற வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்), இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் டை 10. கிளச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்துப் பாதை பிடித்து இப்போதே கட்டி வைத்துவிட்டால், அறுந்த அன்றைக்கு இரண்டு முனையை மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

#7 வேதை_உப்பளம்

செயின் பற்றி நான் சொல்கிறேன், உப்பளத்துக்கு நடுவே ஓடுகிற வண்டிகள்தான் எங்களுடையவை.

உப்புக் காற்று ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்தது போல் இருக்கும், இரவில் மறுபடி நனையும். அகத்தியம்பள்ளிப் பக்கம் ஒரே இரவு வெளியே நின்றாலே செயின் தகட்டின் ஓரத்தில் ஆரஞ்சுப் பொடி பூத்திருக்கும். மேல் தகட்டில் துரு என்றால் பயமில்லை. உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து வெடித்தால்தான் ஆபத்து. சில கண்ணிகள் மடங்கிய இடத்திலேயே இறுகி நிற்கும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றும்போது செயின் அந்த இடத்தில் மட்டும் குதிக்கும். அப்படி இறுகிய கண்ணி ஆயிலுக்கு இளகவில்லை என்றால் செயினை நம்பாதீர்கள்.

தினமும் மாலை, வண்டி சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். சூட்டில் ஆயில் உள்ளே இறங்கும். சென்டர் ஸ்டாண்டு, இன்ஜின் ஆஃப், நியூட்ரல். இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் செயின் துடைத்து விரலை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பழைய துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், 100 மி.லி. இருந்தால் நான்கு நாளுக்கு வரும். பெட்ரோல் கூடாது, ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும். காய 10 நிமிடம் விட்டு, 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்புறத்தில், அதாவது பல்சக்கரத்தைத் தொடுகிற பக்கத்தில், சொட்டு சொட்டாக விட்டுச் சக்கரத்தை 3 சுற்று சுற்றுங்கள். மேலே வழிகிறதைத் துடைத்துவிடுங்கள். மேலே ஆயில் தங்கினால் தனுஷ்கோடி மணல் முழுக்க அதில் ஒட்டி, உப்புத்தாள் போல அறுக்கும்.

செயின் தளர்வு கையேட்டில் சொன்னபடி, பொதுவாக 25 முதல் 30 மி.மீ. இரண்டு பேர் எடைக்கு இறுக்கமாக வைத்துவிடாதீர்கள். ஆள் உட்கார்ந்து ஸ்விங்ஆர்ம் மேலே ஏறும்போது செயின் இன்னும் இறுகும், முன் பல்சக்கர பேரிங்கைத்தான் கெடுக்கும்.

டிஸ்க் பிளேட்டில் காலையில் செம்பழுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மூன்று முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதன்மேல் எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள், பிரேக் பிடிக்காது. பேட்டரி முனையில் வாசலின் தடவுங்கள். ராமேசுவரம் விட்டு வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில், வாளியும் மக்கும் வைத்து, வண்டி முழுக்க அலசுங்கள். பிரஷர் வாஷில் ஹப்பிலும் கோன்செட்டிலும் அடித்தால் கிரீஸ் வெளியே, உப்புத் தண்ணீர் உள்ளே.

#8 பின்சீட்டுக்காரி

எல்லாரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்னால் உட்காருகிறவர் ஒரு மூட்டை இல்லை, பாதிப் பயணம் அவருடையது. உங்கள் மனைவியைப் படிக்கச் சொல்லுங்கள்.

துப்பட்டா, புடவை முந்தானை இரண்டும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பின்சக்கரத்தில் சுற்றினால் இழுப்பது கழுத்தைத்தான். பருத்தி பேன்ட், முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடுகிற ஷூ. சைலன்சர் பக்கம் கணுக்காலில் சூடு வாங்கிய தழும்பு இல்லாத பின்சீட்டுக்காரர் குறைவு. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை சாய்ந்து வளைவில் வண்டி கேட்காது. ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், சட்டத்துக்காக மட்டும் இல்லை. முன்னால் இருப்பவர் பிரேக் பிடித்தால் இரண்டு ஹெல்மெட்டும் முட்டும்.

வலி எங்கே வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வால் எலும்பு வலித்தால் சீட்டு மெத்தை பிரச்சினை: காற்று அடைத்த குஷன், பாதி காற்று மட்டும், முழுக்க அடைத்தால் வழுக்கும். முட்டி வலித்தால் ஃபுட்ரெஸ்ட் உயரம். அதற்குக் குஷனே பாதி தீர்வு, உட்காருகிற இடம் 2 அங்குலம் உயர்ந்தால் முட்டி விரியும். தோள் வலித்தால் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு கை பின்கம்பி, ஒரு கை அவர் இடுப்பு, அதுதான் நிலை. பிரேக் பிடிக்கும்போது இடுப்புக் கையை டேங்கில் ஊன்றிக்கொண்டால் அவர்மேல் சரிய மாட்டீர்கள்.

45 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்குங்கள், வலிக்கிறதோ இல்லையோ. வலி வந்தபின் இறங்கினால் அன்றைக்கு முழுக்கப் போகாது.

பேச்சு காற்றில் கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து, தொடையில் தட்டினால் அந்தப் பக்கம் திரும்பு. கிளம்புமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு வழி சொல்கிற வேலையைப் பின்சீட்டு எடுத்துக்கொண்டால் முன்னால் இருப்பவர் போனைப் பார்க்கவே வேண்டியதில்லை.

கழிப்பறை பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். சிதம்பரம், காரைக்கால், வேளாங்கண்ணி, ராமேசுவரம் எல்லாம் கவலையில்லை. கஷ்டம் கட்டுமாவடிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில். ஆதலால் 4ஆம் நாள் பெரிய பெட்ரோல் பங்க் எங்கே தென்பட்டாலும் தேவையோ இல்லையோ போய்விட்டு வாருங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், மதியத்துக்குள் தலைவலி வரும். அதை வண்டி அலுப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

#9 கிழக்குக்கரை

மேலே உள்ள பதிவை இழையின் உச்சியில் ஒட்டி வைக்கலாம்.

சாலை பற்றி. கடலூரிலிருந்து நாகை வரை நான்குவழிச் சாலை வேலை முடியாத இடங்களில் மாற்றுப்பாதைகள் இருக்கலாம். புதுத் தார் முடிந்து மண்ணில் இறங்குகிற இடம் சட்டென்று வரும், இரண்டு பேர் எடையோடு 80இல் அதில் இறங்கினால் ரிம் வளையும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் பள்ளம் தெரியாது.

ஜனவரி கடைசி என்பதால் டெல்டாவில் சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல் காயவைக்க எடுத்துக்கொள்வார்கள். நெல்லைச் சுற்றிக் கருங்கல்லையோ செங்கல்லையோ அணை கட்டியிருப்பார்கள். பகலில் தூரத்திலிருந்தே மஞ்சளாகத் தெரியும். இருட்டியதும் நெல் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள், தாரும் பாயும் ஒரே கறுப்பு, கல் அப்படியே இருக்கும். நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் உருண்டு போகும், முன்பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். உழைத்தவர்கள் காயவைக்கிற இடம், விலகிப் போவதுதான் முறை. சூரியன் மறைவது 6 மணி சுமாருக்கு. 5.30க்கு அறையில் இருங்கள். காலையிலும் 7.30 வரை வயல்வெளியில் பனிமூட்டம் இருக்கும்.

பெட்ரோல் புதுச்சேரியில் நிரப்புங்கள், அடுத்தது காரைக்கால். இரண்டும் ஒன்றியப் பிரதேசம், வரி குறைவு, விலையும் குறைவு. முள்ளோடை, நண்டலாறு, வாஞ்சூர் மூன்று இடத்திலும் சோதனைச்சாவடி. புதுச்சேரி, காரைக்கால் மதுப்பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், பக்கப் பை கட்டிய வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

#10 அரிக்கமேட்டுக்கரை

இடங்களுக்கு நேரம் பார்த்துப் போகாவிட்டால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

அரிக்கமேடு: அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மரத்தோப்பு, இடிந்த செங்கல் சுவர். 1945இல் மார்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தின் காலத்தை நிறுவிய இடம் என்று தெரிந்து போனால்தான் அந்த மண்ணுக்குப் பொருள் உண்டு. மணிகளும் மட்பாண்டமும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது திங்களன்று விடுமுறை. முதலில் அருங்காட்சியகம், பிறகு தோப்பு.

பரங்கிப்பேட்டை: பி.முட்லூரில் பிரியுங்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் போர் நடந்த ஊர். 1830களில் ஹீத் என்பவர் இங்கே இரும்பாலை நடத்தினார். சிதம்பரம் கோயில் மதியம் நடை சாத்தும் என்பதால் மதியத்தைப் பரங்கிப்பேட்டைக்குக் கொடுத்து, மாலையில் கோயில்.

பூம்புகார்: கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். கீழையூரில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேசுவரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளமும் பார்க்க வேண்டியவை.

தரங்கம்பாடிக்கு அரை நாளாவது கொடுங்கள். டேன்ஸ்போர்க் கோட்டை 1620. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தில் டேனியர் கட்டியது, 1845இல் இந்தியாவிலிருந்த மற்ற டேனியக் குடியிருப்புகளோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை இல்லை. ராஜ வீதியில் 1792இல் திரும்பக் கட்டிய நகர வாயில், 1718இன் புதிய எருசலேம் ஆலயம், 1706இல் வந்திறங்கித் தமிழில் அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்குவின் நினைவுச்சின்னம், எல்லாம் நடக்கிற தூரம். கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய கருங்கல்லைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: அலைத்திவலை காய்ந்து காய்ந்து கல்வெட்டு எழுத்தின் விளிம்பை எப்படித் தின்றிருக்கிறது என்று. கருங்கல்லையே அப்படிச் செய்கிற காற்றில்தான் உங்கள் செயின் இரவெல்லாம் நிற்கும்.

#11 வேதை_உப்பளம்

நாகூர் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் எழுப்பினார், 131 அடி. சாலையிலிருந்தே தெரியும், அதை அடையாளம் வைத்துத் திரும்பலாம். நாகையில் ராஜராஜன் காலத்துச் சூடாமணி விகாரத்தைத் தேடி அலையாதீர்கள், கட்டடம் 19ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது.

வேதாரண்யத்தில் அகத்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணை விட்டுவிடாதீர்கள். 1930 ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி ராஜாஜியும் தொண்டர்களும் நடந்து வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். அங்கிருந்து கோடியக்கரை வரை இருபுறமும் உப்பளம், அப்புறம் காடு. வெளிமானும் மட்டக்குதிரையும் சாலையைக் கடக்கும். 40க்கு மேல் வேண்டாம், ஹாரன் வேண்டாம். வலசைப் பறவைக்கு ஜனவரி நல்ல காலம்.

#12 கிழக்குக்கரை

4ஆம் நாள் பாதை: வாய்மேடு, இடும்பாவனம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம். மனோரா அங்கேதான், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய 8 அடுக்குக் கோபுரம். அதன்பின் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி. ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் இரண்டு வேகத்தடை, பாதிக்கு வெள்ளைக்கோடு கிடையாது. சாலையோரம் கருவாடு காய்ந்தால் நாயும் காகமும் இருக்கும், வேகத்தைக் குறையுங்கள். தொண்டி என்றதும் சங்கப்பாட்டில் வரும் சேரர் தொண்டி என்று எண்ணிவிட வேண்டாம், அது மேற்குக் கரை.

பாம்பன் சாலைப்பாலம் 1988இல் திறந்தது, 2 கி.மீ.க்கு மேல். ஜனவரியில் வாடைக்காற்று, போகும்போது இடப்பக்கமிருந்து அடிக்கும். பேருந்து கடக்கிற நொடியில் காற்று நின்று, கடந்ததும் சேர்த்து அடிக்கும். அதுதான் தள்ளாடுகிற தருணம். 40இல் போங்கள், முட்டியால் டேங்கை அணைத்து, கையைத் தளர்வாக வைத்து. பின்னால் இருப்பவர் அந்த 2 கி.மீ. போட்டோ எடுக்கத் திரும்ப வேண்டாம். பாலத்தில் நிறுத்தவும் வேண்டாம், பாலம் தாண்டி நிறுத்தி நடந்து வந்து ரயில் பாலத்தைப் பார்க்கலாம்.

தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனை வரை காற்று மணலை நாக்கு நாக்காகத் தாரில் இழுத்துப் போட்டிருக்கும். அதன்மேல் பிரேக்கும் வேண்டாம், வளைவும் வேண்டாம், நேராகக் கடந்துவிடுங்கள். 1964 டிசம்பர் புயலில் போன தேவாலயமும் ரயில் நிலையமும் வழியிலேயே. மாலையில் உள்ளே விட மாட்டார்கள். காலை 6.30க்கு ராமேசுவரத்தில் கிளம்பினால் கூட்டத்துக்கு முன் முடியும்.

#13 மஞ்சக்குப்பம்350

அனைவருக்கும் நன்றி. மாற்றிய திட்டம்: திங்கள் கிளம்பி 7 நாள். ஆக்சில் ஸ்பேனர் கிட்டில் இல்லை, வாங்கியாகிவிட்டது. மேல்பெட்டியைக் கழற்றி எடை போட்டால் வெறும் பெட்டியும் கேரியரும் சேர்ந்தே 7 கிலோ. அதை விட்டுவிட்டு இரண்டு பக்கப் பையோடு போகிறோம்.

#14 அரிக்கமேட்டுக்கரை

திங்கள் வேண்டாம், புதுச்சேரி அருங்காட்சியகம் மூடியிருக்கும். வியாழன் கிளம்பினால் 2ஆம் நாள் வெள்ளி, தரங்கம்பாடிக் கோட்டை பூட்டியிருக்கும். செவ்வாய் கிளம்புங்கள்: செவ்வாய் அருங்காட்சியகம், புதன் தரங்கம்பாடி, வெள்ளி விடியலில் கோடியக்கரை, ஞாயிறு காலை தனுஷ்கோடி. ஞாயிறு அங்கே கூட்டம் என்பதால் 6.30 என்பதை 6 ஆக்கிக்கொள்ளுங்கள்.